அழுகையும் பொம்மைப் பாட்டும்

விமானத்தில் அழும் குழந்தையைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு 16 மணி நேரம் பறந்தே தீர வேண்டுமா என்று கேட்பது ஒரு கட்சி. நீங்கள் மட்டும் மீசையோடு பிறந்தீர்களா என்று திருப்பிக் கேட்பது மற்றொன்று. இவ்விரு கட்சியாரும் சூடாக வாதிட்டுக்கொண்டிருக்கையில் யாரும் பொருட்படுத்தாத ஓசை ஒன்று அதே விமானத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பாட்டரியில் இயங்கும் பொம்மையின் ஓசை அது. பொத்தானை அழுத்தினால் பாடும் கைப்பேசிப் பொம்மை, மூடியைத் திறந்தால் கத்தும் பண்ணை விலங்குகள், ஆங்கில அகரவரிசையை ஓயாமல் ஒப்பிக்கும் குட்டிக் கணினி ஆகியவற்றைச் சொல்கிறோம். இவற்றின் ஓசையையும் குழந்தையின் ஓசை என்றே இரு கட்சியாரும் கணக்கு வைக்கிறார்கள். அந்தக் கணக்கு தவறானது என்பதும், அதனால் நட்டப்படுபவை குழந்தைகளே என்பதும்தான் இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது.

முதலில் அழுகையைப் பார்ப்போம். விமானம் உயரத்தில் பறக்கையில் அதன் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் தரையில் உள்ளதற்குச் சமமாக இருப்பதில்லை. 6000 அடி முதல் 8000 அடி வரையிலான மலை ஒன்றின் மீது நிற்பதற்கு ஒப்பான அழுத்தமே பேணப்படுகிறது. ஏறக்குறைய ஊட்டியின் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். விமானம் இறங்கத் தொடங்கியதும் இந்த அழுத்தம் மளமளவென்று கூடுகிறது. அரைமணி நேரத்துக்குள் ஊட்டியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு நம்மை இறக்கிவிடுகிறார்கள். நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் திறந்தால்தான் செவிப்பறையின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகும். பெரியவர்கள் எச்சிலை விழுங்கியும் கொட்டாவி விட்டும் சமாளித்துவிடுகிறோம். குழந்தைக்கு அந்தக் குழல் சிறிது, சாய்வும் குறைவு. காது அடைத்து வலிப்பதை அதற்குச் சொல்லத் தெரியாது. விமானம் இறங்கும்போது பாலூட்டச் சொல்லி மருத்துவர்கள் அறிவுறுத்துவது இதனால்தான். பாலும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்கு அழுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே அழுகை ஒரு செய்தி. அதற்குக் காரணம் உண்டு, முடிவும் உண்டு. தொண்டை வலித்தால் நின்றுவிடும், தூக்கம் வந்தால் அடங்கிவிடும். அதைக் கேட்கும் அயலார் எரிச்சலடையலாம். ஆயினும் எரிச்சலின் அடியில் ஏதோ ஒன்று இளகவே செய்கிறது. அழும் குழந்தையை அடுத்த வரிசையில் இருக்கும் ஒரு பாட்டி கைநீட்டி வாங்கிக்கொள்வதை நாம் எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். பாடும் பொம்மையை அப்படி ஒருவர் கைநீட்டி வாங்கி மடியில் வைத்துச் சமாதானப்படுத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பொம்மையின் ஓசைக்கு உடலும் இல்லை, களைப்பும் இல்லை. அரை நிமிடப் பாட்டு ஒன்று சில்லில் பதிந்திருக்கிறது. குழந்தை அழுத்துகிறது, அது பாடுகிறது. குழந்தை ஜன்னலைப் பார்க்கத் திரும்பிவிட்டாலும் பாட்டு முடியும்வரை பாடுகிறது. மீண்டும் அழுத்தினால் அதே பாட்டு, அதே குரல், அதே கைதட்டல். பாட்டரி தீரும்வரை இதற்கு முடிவில்லை.

விமானத்தின் இரைச்சலே பெரிது. அதில் ஒரு பொம்மை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பறக்கும் விமானத்தின் உள்ளே, விமானத்தின் வகைக்கும் இருக்கையின் இடத்துக்கும் ஏற்ப, 75 முதல் 85 டெசிபல் வரை இரைச்சல் இருக்கிறது. ஆனால் அது தாழ்ந்த சுருதியில் மாறாமல் ஒலிப்பது. அருவியோரத்தில் குடியிருப்பவன் அருவியை மறந்துவிடுவதைப் போல நம் செவி அதைச் சிறிது நேரத்தில் ஒதுக்கிவிடுகிறது. பொம்மையின் ஓசை உயர்ந்த சுருதியில், விட்டு விட்டு, எதிர்பாராத கணத்தில் வருவது. செவி ஒதுக்கிவைக்க முடியாத ஓசைக்கு இம்மூன்றுமே இலக்கணம். இரைச்சலை அடக்கும் விலையுயர்ந்த காதணிக் கருவிகளும் எந்திரத்தின் சீரான உறுமலைத்தான் நன்றாக அடக்குகின்றன. திடீரென்று கிறீச்சிடும் ஓசையிடம் அவையும் தோற்றுப்போகின்றன. மேலும், எந்திர இரைச்சலை மீறிக் கேட்க வேண்டுமென்றால் பொம்மையின் ஒலியைக் கூட்டியே ஆகவேண்டும். வீட்டில் கீழ்ப்படியில் கிடக்கும் பொத்தான் விமானத்தில் மேற்படிக்குத் தள்ளப்படுவது இப்படித்தான்.

அயலாரின் தூக்கத்தை விடுங்கள். அந்தக் குழந்தையின் காது என்ன ஆகும்? பொம்மைகளின் ஒலிக்கு வரம்பு இல்லாமல் இல்லை. காதருகே வைத்து விளையாடுவதற்கென்று செய்யப்படாத பொம்மைகளின் தொடர் ஒலி, 50 செ.மீ. தூரத்தில் அளந்தால், 85 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்கத் தரவிதி. இந்தியாவிலும் 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் 50 செ.மீ. என்பது ஆய்வுக்கூடத்து அளவு. ஒரு வயதுக் குழந்தையின் கை அவ்வளவு நீளமில்லை. அது பொம்மையை மார்போடு அணைக்கும், முகத்தோடு ஒட்டவைக்கும், ஒலி வரும் துளையைச் சப்பிப் பார்க்கும். தூரம் பாதியானால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் கூடும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல். பெரியவர்கள் 8 மணி நேர வேலைக்கு மேல் தாங்கக்கூடாது என்று பல நாடுகளில் தொழிற்கூடங்களுக்கு விதிக்கப்பட்ட எல்லையும் அதே 85தான் என்பதை இங்கே நினைவில் கொள்வது நலம்.

இதையெல்லாம் சொல்வதால் குழந்தைகளின் கையில் ஓசை எழுப்பும் பொருளே இருக்கக் கூடாது என்று நாம் வாதிடுவதாகக் கருத வேண்டியதில்லை. அப்படி வாதிட்டால் நம் இலக்கியமே நம்மைப் பார்த்துச் சிரிக்கும். சிந்துவெளி நகரங்களில் சுட்டமண் கிலுகிலுப்பைகள் கிடைத்திருக்கின்றன. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஒன்பதாவது சிறுபறை. பிள்ளை பறை கொட்டி ஊரைக் கூட்டுவதை ஒரு பருவமாகவே வைத்துப் பாடிய மொழி நம்முடையது. சிறுமியர் கட்டிய மணல் வீட்டை அவன் சிதைப்பதற்கும் சிற்றில் என்று ஒரு பருவம் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகளின் ஆர்ப்பாட்டத்தை இவ்வளவு கொண்டாடிய மரபில் வந்தவர்கள் அவர்கள் போடும் சத்தத்துக்கு முகம் சுளிப்பது அழகில்லை.

ஆனால் சிறுபறையை முழக்குவது பிள்ளையின் கை. ஓங்கி அடித்தால் ஓங்கி ஒலிக்கும், கை ஓய்ந்தால் பறையும் ஓயும். எழுகிற ஓசையின் அளவும் தாளமும் நேரமும் அந்தக் குழந்தையுடையவை. 1890இல் எடிசனின் நிறுவனம் பேசும் பொம்மை ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உடலுக்குள் சிறு ஒலிப்பதிவுக் கருவியை அடக்கிய பொம்மை அது. அதைப் பேசவைக்கவும் குழந்தை கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. எளிதில் பழுதுபட்டதாலும் கேட்கச் சகிக்காததாலும் அது வெகு விரைவில் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. 1978இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் மனிதக் குரலை ஒற்றைச் சில்லில் உருவாக்கும் எழுத்துக்கூட்டல் பொம்மையை வெளியிட்டது. அதன் பின்னர் குரல் மலிவாகிப் போனது. இன்று பொம்மைக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஓர் அழுத்தல். பாடுவது தொழிற்சாலையில் பதிந்த குரல். பிள்ளை பறை கொட்டியவன் என்ற நிலையிலிருந்து பொத்தான் அழுத்துபவனாக இறங்கிவிட்டான்.

சில ஆண்டுகளுக்கு முன் வளைகுடாவிலிருந்து சென்னைக்கு வரும் நள்ளிரவு விமானம் ஒன்றில் நாம் கண்ட காட்சி இது. நான்கு மணி நேரப் பயணம். முன்வரிசையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று பொம்மைக் கைப்பேசியை அழுத்திக்கொண்டிருந்தது. அதன் அருகே ஒரு முதிய தம்பதி. மகளின் பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் உழைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. பெரியவர் மெல்ல, “தம்பி, பாப்பா பொம்மைச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமாப்பா?” என்றார். தகப்பன் சிரித்துக்கொண்டே, “குழந்தைதானே சார்” என்றான். பெரியவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லுக்கு எதிராகத் தமிழில் பதில் கிடையாது. விமானம் இறங்கத் தொடங்கியபோது அந்தக் குழந்தைக்குக் காது வலித்திருக்க வேண்டும்; வீறிட்டு அழுதது. இரண்டு மணி நேரமாகப் பாட்டுக் கேட்டுக் களைத்துப்போன அந்த வரிசைகளிலிருந்து எழுந்த முணுமுணுப்பு முழுவதும் அந்த அழுகையின் மீது விழுந்தது.

நம் கவலை இங்கேதான் இருக்கிறது. அயலாரின் பொறுமை வற்றாத ஊற்று இல்லை. உண்டியலில் சேர்த்த காசு போன்றது அது. பொம்மைக்காகச் செலவழித்துவிட்டால் அழுகைக்கு மிச்சம் இருக்காது. “குழந்தைதானே” என்பது நம் சமூகம் குழந்தைகளுக்குத் தந்திருக்கும் பெரிய சலுகை. வலியில் அழும்போதும், புதிய இடத்தைக் கண்டு மிரளும்போதும், சாப்பாட்டைக் கொட்டிவிடும்போதும் அவர்களைக் காக்க வேண்டிய சொல் அது. அணைப்பதற்குப் பொத்தான் உள்ள ஒரு பிளாஸ்டிக் பொருளுக்கு அந்தச் சலுகையை எடுத்துக் கொடுப்பது சரியாகாது.

பொறுமை தீர்ந்த இடத்தில் வியாபாரம் நுழையும். நுழைந்தும்விட்டது. ஏர் ஏஷியா எக்ஸ், ஸ்கூட் ஆகிய நிறுவனங்கள் 2013இல் சிறுவர்களை அனுமதிக்காத அமைதிப் பகுதிகளை அறிமுகப்படுத்தின. 2016இல் இண்டிகோ தன் விமானங்களில் சில வரிசைகளை 12 வயதுக்கு உட்பட்டோருக்குக் கொடுப்பதில்லை என்று அறிவித்தபோது இந்தியாவில் பெரிய விவாதமே நடந்தது. இருக்கையைத் தேர்ந்தெடுக்கும்போதே கைக்குழந்தைகள் அமரவிருக்கும் இடங்களைப் படத்தில் குறித்துக் காட்டும் ஜப்பான் ஏர்லைன்ஸின் வசதி 2019இல் உலகச் செய்தியானது. 2023இல் கொரெண்டன் நிறுவனம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து குராசாவ் தீவுக்குப் போகும் விமானத்தில் 16 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு பகுதியைத் தடுத்தது.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் ஓசையை அளப்பதில்லை, வயதை அளக்கின்றன. அமைதியாகப் படம் வரைந்துகொண்டு வரும் ஏழு வயதுச் சிறுமிக்கு அங்கே இடமில்லை. கைப்பேசியில் காதணி இல்லாமல் படம் பார்க்கும் நாற்பது வயதுக்காரருக்கு இடமுண்டு. ரயில்களில் இதற்கு மாற்று வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். பின்லாந்திலும் சுவிட்சர்லாந்திலும் நெடுந்தூர ரயில்கள் பலவற்றில் குழந்தைகள் ஓடி விளையாடுவதற்கென்றே இடம் ஒதுக்கிய பெட்டிகள் உள்ளன. விமானத்தில் அந்த வசதிக்கு வழியில்லை. எழுந்து வேறு பெட்டிக்குப் போகவும் முடியாது. ஆகவே அங்கே நாம் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உடன்பாடு ஒன்றே கதி.

நாற்பது வயதுக்காரரைக் குறிப்பிட்டோம். பொம்மையை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு அவரை விட்டுவிடுவது பாரபட்சம் என்று பெற்றோர் சொன்னால் அது முழு நியாயம். இருவருக்கும் ஒரே விதி இருக்க வேண்டும் என்பதே நம் கட்சியும். இந்திய ரயில்வே 2022 ஜனவரியில், இரவு 10 மணிக்கு மேல் காதணி இல்லாமல் பாட்டுக் கேட்பதையும் உரக்கப் பேசுவதையும் தடுக்க ஊழியர்களுக்கு உத்தரவிட்டது. அது வயதைக் கேட்கவில்லை, ஓசையைத்தான் கேட்டது. விமான நிலையப் பாதுகாப்புச் சோதனையில் பொம்மைத் துப்பாக்கியைக் கைப்பையில் கொண்டுபோக விடுவதில்லை. பார்ப்பதற்கு ஆயுதம்போல் இருக்கும் பொம்மைக்கு விதி இருக்கிறது. ஓர் இரவு முழுவதும் இருநூறு பேரின் காதில் அறையும் பொம்மைக்கு மட்டும் பண்பாடு ஒன்றையே நம்பி இருக்கிறோம்.

பெற்றோரின் நிலைமை நமக்குத் தெரியாததில்லை. கணவனுக்கு விடுப்புக் கிடைக்காமல், இரண்டு பிள்ளைகளோடு தனியாக சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, நடுவழியில் விமானம் மாறி, ஒரு முழுநாள் கடந்து சென்னையில் இறங்கும் பெண்ணைப் பார்த்து அறிவுரை சொல்லும் தகுதி அருகில் திரைப்படம் பார்த்துக்கொண்டு வந்த யாருக்கும் இல்லை. பொம்மை தரும் பத்து நிமிட ஓய்வு அவளுக்குப் பெரிய வரம். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைத் தருவது பொம்மையா, அதன் பாட்டா என்று யோசித்துப் பார்க்கலாம். சக்கரத்தைச் சுழற்றுவதும் மூடியைத் திறப்பதும் பொத்தானை அழுத்துவதும்தான் அந்த வயதின் சுகம். பாட்டரியைக் கழற்றிவிட்டாலும் அவை அப்படியே இருக்கும்.

பாட்டால் ஆதாயம் இருப்பதாகவும் தெரியவில்லை. அமெரிக்காவின் வடக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆனா சோசா, 10 முதல் 16 மாதம் வரையிலான குழந்தைகளும் அவர்களின் பெற்றோருமாக 26 இணைகளை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. குட்டிக் கணினி, பேசும் பண்ணை, பொம்மைக் கைப்பேசி ஆகியவை ஒரு பக்கம். கட்டைகளும் பழைய பாணிப் பொம்மைகளும் ஒரு பக்கம். புத்தகங்கள் ஒரு பக்கம். மின்னணுப் பொம்மை கையில் இருந்தபோது பெற்றோர் பேசிய சொற்கள் குறைந்தன, குழந்தையோடு மாறி மாறிப் பேசுவது குறைந்தது, குழந்தை குரல் கொடுத்தால் பதில் கொடுப்பதும் குறைந்தது. பொம்மை பேசத் தொடங்கியதும் வீட்டார் வாயை மூடிக்கொண்டுவிட்டார்கள். மொழி கற்றுக்கொடுக்கும் பொம்மை என்று அட்டையில் அச்சிட்டு விற்கப்படும் பொருள் குழந்தைக்குக் கிடைக்கவேண்டிய பேச்சையே தடுக்கிறது என்பது இலக்கியத்தில் நாட்டமுள்ள எவரையும் கவலைகொள்ளச் செய்யும்.

ஆகவே சிலவற்றை வெளிப்படையாகவே கேட்டுவிடலாம். பெற்றோரே, கைப்பையில் வைக்கும் பொம்மையின் பாட்டரியை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். முடியாது என்றால், ஒலித் துளையின் மீது ஒட்டுநாடாவை இரண்டு சுற்று ஒட்டுங்கள். பாதிச் சத்தம் அடங்கிவிடும். துணிப் புத்தகம், ஒட்டுப் படங்கள், எழுதி அழிக்கும் பலகை, வண்ணக் கட்டி, வெறும் காகிதம் இவையெல்லாம் எடை குறைவானவை, ஓசையும் இல்லாதவை. வழியனுப்ப வரும் தாத்தா பாட்டிகளே, விமான நிலையத்துக்கு வந்து கடைசி நிமிடத்தில் பாடும் பொம்மையைப் பேரன் கையில் திணிக்காதீர்கள். விமான நிறுவனங்களே, காதணி அணிந்து படம் பாருங்கள் என்று செய்யும் அறிவிப்பில் பொம்மைகள் என்ற ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக எல்லாருக்கும் சொல்லப்பட்டுவிட்டால் பக்கத்து இருக்கைப் பெரியவர் தனியாகக் கேட்டுத் தலைகுனிய வேண்டியதில்லை. பொம்மை செய்பவர்களே, குறைவு, அதிகம் என்ற இரண்டு படிகளோடு, முற்றிலும் மௌனம் என்ற மூன்றாவது படியையும் வையுங்கள். விளக்கு எரியட்டும், சக்கரம் சுழலட்டும்.

இவற்றையெல்லாம் விட மலிவான ஒன்று நம்மிடமே இருக்கிறது. குழந்தையின் உள்ளங்கையில் முழங்கையால் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு கவளம் சோறு உருட்டி, நண்டும் நரியுமாக விரல்கள் கைமேல் ஊர்ந்து, அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டும் விளையாட்டை அறியாத தமிழ்க் குடும்பம் இராது. பாதுகாப்புச் சோதனையில் அதற்குத் தடையில்லை. எடைக் கணக்கிலும் அது வராது. அதன் முடிவில் குழந்தை கலகலவென்று சிரிக்கும். அந்தச் சிரிப்பு பொம்மையின் பாட்டைவிடச் சத்தமாகவே இருக்கலாம். அதைக் கேட்டு முன்வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். திரும்பிப் பார்க்கிறவர்களில் பெரும்பாலோர் சிரித்துவிட்டுத்தான் மீண்டும் முன்னே பார்த்து உட்காருவார்கள்.

அதற்குப் பிறகும் இறங்கும் வேளையில் குழந்தை அழத்தான் செய்யும். அழட்டும். அதைப் பொறுத்துக்கொள்வது நம் பங்கு. அந்தப் பங்கை முணுமுணுக்காமல் செய்ய நாமும் பழகிக்கொள்ள வேண்டும். பொத்தானை அணைப்பது மட்டும் பெற்றோரின் பங்காக இருக்கட்டும்.